கடை நின்ற இடம்

1982-ல் மதுரையில், மேலமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த சின்ன அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், பில் புக், லெட்டர் ஹெட் என எல்லாமே சில்லறை வேலைகள். இரண்டு டிரெடில் மெஷின், மூன்று கம்பாசிட்டர்கள். நான் ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்திருந்ததால் ஆங்கில வேலை எது வந்தாலும் என் தலையில்தான் விழும்.

சேர்ந்த மூன்றாவது மாதம், நோட்டு, பேனா விற்கும் கடை ஒன்றுக்கு இருபது பில் புக் அடித்துக் கொடுத்தோம். மறுநாளே கடைக்காரர், கல்லூரியில் படிக்கிற மகனையும் கூட்டிக்கொண்டு வந்து, கட்டைப் பிரிக்காமல் எங்கள் மேசைமேல் வைத்தார். தப்பைக் கண்டுபிடித்தது மகன்தான். கடைப் பெயருக்கு அடியில் ஆங்கிலத்தில் ஸ்டேஷனரி என்று போட்டிருந்தோம். அந்தச் சொல் ஆர், ஒய் என்று முடிவதற்கு முந்தைய எழுத்து ஈ-யாக இருந்திருக்க வேண்டும், ஏ விழுந்திருந்தது. ஈ போட்டால் எழுதுபொருள். ஏ போட்டால் ஓரிடத்தில் அசையாமல் நிற்பது. வாயால் சொல்லும்போது இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டிலேயே ஏ-தான் இருந்தது. இருந்தாலும் புரூஃபில் கையெழுத்துப் போட்டவன் நான். அத்தனை காகிதமும் என் கவனக்குறைவால் வீணானது.

நல்லவேளையாக, அந்தப் பில்லுக்கு எழுத்து கோத்த பாரத்தை இன்னும் பிரிக்கவில்லை. மூத்த கம்பாசிட்டர் அண்ணன் முடுக்கைத் தளர்த்தி, இடுக்கியால் அந்த ஏ-யைக் கவ்வி எடுத்தார். மை காய்ந்த ஈய எழுத்து. அகலம் ஒரு நெல்மணி அளவுகூட இருக்காது. அவருடைய இடது கை பார்க்காமலே கேஸுக்குள் போய் ஒரு ஈ-யை எடுத்துவந்து அதே குழியில் நட்டது. இரண்டு எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால் வரி கொஞ்சமும் நகரவில்லை. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எழுத்தின் உருவத்தை வைத்தே கோப்பார்.

"ஒத்தை எழுத்துக்கா தம்பி இம்புட்டுக் கோவம்?" என்றார்.

"அர்த்தமே மாறிப்போகுதுண்ணே. நாம அடிச்சதுக்கு, நகராம நிக்கிறதுன்னு அர்த்தம்."

"கடை நிக்கத்தானே செய்யுது? நடந்தா போகுது?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு அகராதிகளையும் பழைய அச்சுத்தொழில் வரலாறுகளையும் தேடித் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது: ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அந்த மனிதர் ஒரே வாயில் அந்தச் சொல்லின் முழு வரலாற்றையும் சொல்லியிருந்தார். கடை நின்றதால்தான் அதற்கு அந்தப் பெயர்.

லத்தீனில் 'ஸ்டாட்டியோ' என்றால் நிற்பது, நிற்கும் இடம். நம் ஊர் ஸ்தலம், ஸ்தாபனம் எல்லாவற்றிலும் இருக்கிற சமஸ்கிருத 'ஸ்தா'வுக்கு அது உடன்பிறப்பு. பழைய ரோமில் காவல் சாவடியில் நிறுத்தப்பட்ட சிப்பாயை 'ஸ்டாட்டியோனாரியுஸ்' என்றார்கள். போலீஸ் ஸ்டேஷன் என்று நாம் சொல்வது அந்தப் பொருளுக்கு வெகு தூரத்தில் இல்லை. 13-ம் நூற்றாண்டில், இத்தாலியின் பொலோனா, பிரான்சின் பாரிஸ் போன்ற பல்கலைக்கழக ஊர்களில் அதே சொல் வேறு ஒரு ஆளுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அவர் புத்தகக்காரர். அச்சு இன்னும் பிறக்காத காலம். பாடநூலின் சரிபார்த்த மூலப்பிரதி அவரிடம் இருக்கும். ஆனால் அதை முழுசாகத் தைத்து வைத்திருக்க மாட்டார். சிறு சிறு கட்டுகளாக விட்டு வைத்திருப்பார். மாணவன் ஒரு கட்டை வாடகைக்கு வாங்கிப்போய், படியெடுத்து, திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டை வாங்குவான். ஒரே நூலை ஒரே சமயத்தில் பலர் படியெடுக்க இப்படி வழி செய்தார்கள். வாடகை இவ்வளவுதான் என்று பல்கலைக்கழகமே நிர்ணயித்தது. பிரதியில் பிழை இருக்கக்கூடாது என்று அந்தப் புத்தகக்காரரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டது. புரூஃப் பார்த்தே காலம் தள்ளிய எனக்கு, அந்தச் சத்தியத்தைப் பற்றிப் படித்தபோது மெய்சிலிர்த்தது.

அந்தக் காலத்து வியாபாரிகளில் பெரும்பாலோர் ஊர் ஊராகச் சுமந்துபோய் விற்றவர்கள். சந்தை கூடுகிற நாளில் வருவார்கள். மறுநாள் இருக்க மாட்டார்கள். புத்தகக்காரரால் அப்படி அலைய முடியாது. தோலும் காகிதமும் மையும் கட்டுகிற பலகைகளும் வைத்துக்கொண்டு, வாடகைக்குப் போன கட்டு திரும்பி வரும்வரை அதே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் அவர் 'நிற்பவர்' ஆனார். ஆங்கிலத்தில் 'ஸ்டேஷனர்' என்ற சொல் இப்படித்தான் வந்தது.

லண்டனில் அவர்கள் நின்ற இடம் செயின்ட் பால் பேராலயத்தின் சுவரோரம். 1403-ல் எழுத்தர்கள், பக்கங்களுக்கு வண்ணம் தீட்டுபவர்கள், பைண்டர்கள், புத்தகம் விற்பவர்கள் எல்லோரும் சேர்ந்து நகர மேயரிடம் அனுமதி வாங்கி ஒரு தொழிற்சங்கம் கண்டார்கள். பிற்காலத்தில் அதுவே 'ஸ்டேஷனர்ஸ் கம்பெனி' ஆனது. கோயில் மதிலை ஒட்டிய கடைகள் என்றதும் என் கண்முன் வந்தது எங்கள் புது மண்டபம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே திருமலை நாயக்கர் கட்டியது. சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள், பாத்திரக் கடைகள், புத்தகக் கடைகள். பெரிய எழுத்துக் கதைப் புத்தகம், பஞ்சாங்கம், பள்ளிக்கூட நோட்டு எல்லாம் நான் அங்கேதான் வாங்கியிருக்கிறேன். சாமி கும்பிட வருகிற கூட்டம்தான் புத்தகம் வாங்குகிற கூட்டமும். லண்டனிலும் அப்படித்தான் இருந்தது. கோயிலை நம்பி நின்ற கடைகள் இரண்டு ஊரிலும்.

1557-ல் மேரி அரசி அந்தக் கம்பெனிக்கு அரச சாசனம் கொடுத்தார். அதற்குப் பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, கம்பெனியின் உறுப்பினர் அல்லாத எவரும் இங்கிலாந்தில் அச்சடிக்க முடியாது. எதை அச்சடிக்கப் போகிறோம் என்று கம்பெனியின் பதிவேட்டில் கட்டணம் கட்டி எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்தவருக்கே அந்த நூல் சொந்தம். 1623 நவம்பர் 8-ம் தேதி எட்வர்டு பிளவுன்ட், ஐசக் ஜாகார்டு என்ற இருவர் அதற்குமுன் பதிவாகாத ஷேக்ஸ்பியரின் 16 நாடகங்களை அந்தப் பதிவேட்டில் ஏற்றினார்கள். ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தாலும் பதிவேடு அவரைக் கேட்டிருக்காது. ஏனென்றால் அது எழுதியவரின் உரிமையைக் காக்க வந்த ஏடு அல்ல.

இன்னொரு சொற்குழப்பத்துக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. காப்பிரைட் என்பதை எழுதச் சொன்னால், நன்கு படித்தவர்கள்கூட 'ரைட்' என்ற பகுதிக்கு 'எழுது' என்று பொருள்படும் எழுத்துக்கூட்டலைப் போட்டுவிடுவார்கள். எழுத்தாளர் சம்பந்தப்பட்ட விஷயம்தானே என்ற எண்ணம். விளம்பரத்துக்கு வாசகம் எழுதுபவர் காப்பிரைட்டர் என்பது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. ஆனால் காப்பிரைட்டில் இருக்கும் ரைட், உரிமை. காப்பி என்பது அச்சுக்கு வருகிற மூலப்பிரதி. எங்கள் அச்சகத்திலும் "காப்பி வந்தாச்சா?" என்றுதான் கேட்போம். காப்பியின்மீது ஸ்டேஷனருக்கு இருந்த உரிமைதான் காப்பிரைட். எழுதியவருக்கு அதில் பங்கு வந்தது 1710-ல், ஆன் அரசியின் காலத்துச் சட்டத்தால்தான். புதிய நூலுக்கு 14 வருஷம். அதன் முடிவில் ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னும் 14 வருஷம். தமிழில் பதிப்புரிமை என்று சொல்லிவிட்டோம். உரிமை என்ற சொல் வெளிப்படையாகத் தெரிகிறது, குழம்ப வழியே இல்லை. இந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நான் நன்றி சொல்வேன்.

1666 செப்டம்பரை இந்தத் தொழிலைச் சேர்ந்த எவரும் மனம் கனக்காமல் படிக்க முடியாது. புட்டிங் லேனில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ இரண்டாம் தேதியிலிருந்து லண்டனைத் தின்றுகொண்டே மேற்கே வந்தது. செயின்ட் பால் சுவரோரப் புத்தகக்காரர்கள் தங்கள் சரக்கு முழுவதையும் பேராலயத்தின் அடியில் இருந்த செயின்ட் ஃபெய்த் என்ற நிலவறைக் கோயிலுக்குள் அடுக்கினார்கள். கல் வளைவு, தடித்த சுவர். தீ எங்கே வரப்போகிறது என்று நம்பினார்கள். மேலே பழுதுபார்ப்புக்காகக் கட்டியிருந்த மரச்சாரத்தில் நான்காம் தேதி தீப்பிடித்தது. கூரையின் ஈயத் தகடு உருகி வழிந்தது. மேற்கூரை இடிந்து நிலவறையின்மேல் விழுந்தது. உள்ளே இருந்த காகிதம் பல நாள் எரிந்தது. நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸுக்கு வாடிக்கையாகப் புத்தகம் கொடுத்துவந்த கிர்ட்டன் என்ற வியாபாரி அதில் அத்தனையும் இழந்தார். அடுத்த வருஷம் இறந்துபோனார். அந்தத் துக்கம்தான் அவரைக் கொன்றது என்றே பீப்ஸ் நம்பினார். இடம்விட்டு நகராமல் நின்று சேர்த்த சரக்கு, நகர்த்திய ஒரே முறை சாம்பலானது.

தீக்குப் பிறகு கடைகள் மறுபடி முளைத்தன. ஆனால் ஸ்டேஷனர் என்ற சொல்லின் பொருள் மெல்லச் சுருங்கத் தொடங்கியது. புத்தகம் விற்பவருக்கு வேறு பெயர் வந்தது. வெளியிடுபவருக்கு இன்னொரு பெயர் வந்தது. மிச்சமிருந்த காகிதம், இறகுப்பேனா, மை, அரக்கு இவற்றை விற்றவருக்கு மட்டும் பழைய பெயர் தங்கிப்போனது. 1755-ல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் புத்தகம் விற்பவர், காகிதம் விற்பவர் என்ற இரண்டு பொருளையுமே கொடுத்திருக்கிறார். மாறுகிற சொல்லை மாறும்போதே பிடித்து வைத்த பதிவு அது.

ஸ்டேஷனர் விற்ற சரக்குக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டபோதுதான் நம் ஈ பிறந்தது. ஆங்கிலத்தில் தொழில் செய்பவரின் பெயரோடு ஒய் சேர்த்தால் அவருடைய கடையோ சரக்கோ வரும். பேக்கர், பேக்கரி. குரோசர், குரோசரி. ஸ்டேஷனர், ஸ்டேஷனரி. மூன்றிலும் கடைசி ஒய்-க்கு முன்னால் இருப்பது ஆளைக் குறிக்கும் ஈ, ஆர். மளிகைக் கடைப் பலகையில் யாரும் குரோசரியை ஏ போட்டு எழுதுவதில்லை. அதையே நினைவில் வைத்தால் போதும், எழுதுபொருள் ஸ்டேஷனரியும் தப்பாது. எனக்கு இதை எந்த ஆசிரியரும் சொல்லித்தரவில்லை. பொருளையும் எழுத்துக்கூட்டலையும் இரண்டு பத்தியாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். மனப்பாடம் பரீட்சையோடு போய்விட்டது. இருபது பில் புக்கைக் காப்பாற்றவில்லை.

ஏ போட்டு எழுதும் சொல்லோ லத்தீனிலிருந்து நேராக வந்தது. ஆக இரண்டும் ஒரே தாய்க்குப் பிறந்தவை. 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதத் தெரிந்தவர்களே இரண்டு எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றி எழுதினார்கள். 1786-ல் பிரிட்டிஷ் அரசு தன் அலுவலகங்களுக்குக் காகிதமும் மையும் வாங்கித்தர 'ஸ்டேஷனரி ஆபீஸ்' என்ற துறையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்த வகைத் துறைக்கு எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை என்று பெயர். ஆங்கிலம் விற்பவர் நின்ற இடத்தை வைத்துப் பெயர் சூட்டியது. தமிழ், பொருள் எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்துப் பெயர் சூட்டியது. இரண்டில் தமிழ்ப் பெயரே தெளிவு என்பது என் துணிபு.

இப்படிப் பிரிந்த இரட்டையர்கள் ஆங்கிலத்தில் நிறைய. கோதுமை மாவைக் குறிக்கும் ஃபிளவரும் பூவைக் குறிக்கும் ஃபிளவரும் ஒரே சொல்தான். அரைத்துச் சலித்ததில் மிக உயர்ந்த பகுதி மாவின் 'பூ' எனப்பட்டது. ஜான்சன் காலத்தில்கூட இரண்டுக்கும் தனித்தனி எழுத்துக்கூட்டல் உறுதிப்படவில்லை. உலோகத்தைக் குறிக்கும் மெட்டலும் மனவுறுதியைக் குறிக்கும் மெட்டலும் அப்படியே. கல்லூரி முதல்வரான பிரின்சிபலும் கொள்கையான பிரின்சிபிளும் 'முதலாவது' என்ற ஒரே லத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. நாம் பள்ளியில் படித்த மயங்கொலிச் சொற்கள் வேறு வகை. வாலை, வாளை, வாழை மூன்றும் பிறப்பிலேயே வேறு, ஒலியிலும் வேறு. நாக்கு சோம்பினால்தான் குழப்பம் வரும். ஆங்கிலத்துக் குழப்பம் நாக்கால் வருவதல்ல. ஒரே சொல்லை அச்சுக்காரரும் அகராதிக்காரரும் பள்ளி ஆசிரியரும் கூடி இரண்டாக அறுத்ததால் வந்தது. அறுத்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். படிப்பவருக்கு அதனால் தெளிவு கிடைத்தது. ஆனால் இருநூறு முந்நூறு வயதே ஆன ஒரு வேலியைத் தாண்டிவிட்டார் என்பதற்காக ஒரு கடைக்காரரை அறிவில்லாதவர் என்று பேசுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

அந்தப் பழைய ஸ்டேஷனர்களின் பேச்சு இன்றும் நம் வாயில் இருக்கிறது. பிள்ளைகள் கடையில் போய் "ரெண்டு குயர் நோட்டு, கோடு போட்டது" என்று கேட்கிறார்கள். குயர், நான்கு தாளை மடித்துச் சேர்த்த கட்டு என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. பிறகு 24 தாள், 25 தாள் என்று வளர்ந்தது. தேவாலயப் பாடகர் குழுவைக் குறிக்கும் குயர் வேறு, அதன் வேர் கிரேக்கம். ஆனால் 17-ம் நூற்றாண்டில் அதையும் இதே எழுத்துக்கூட்டலில்தான் எழுதினார்கள். இருபது குயர் ஒரு ரீம். ரீம் என்பது 'ரிஸ்மா', அதாவது மூட்டை என்ற அரபுச் சொல். காகிதம் செய்யும் வித்தை அரபு நாடுகள் வழியாக ஸ்பெயினுக்குப் போனபோது இந்தச் சொல்லும் கூடவே போனது. ஃபுல்ஸ்கேப் தாள் என்றால் 'முழு அளவுத் தாள்' என்றே நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது கோமாளியின் குல்லா. பழைய ஐரோப்பியக் காகித ஆலைகள், மணி கட்டிய கோமாளிக் குல்லாவைத் தாளுக்குள் நீர்க்குறியாகப் பதித்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். நீர்க்குறி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

பின்னாளில் புத்தகக் கடை ரயில் ஸ்டேஷனிலும் வந்து நின்றது. 1848-ல் டபிள்யூ.எச். ஸ்மித் நிறுவனம் லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தில் புத்தகக் கடை திறந்தது. தென்னிந்திய ரயில் நிலையங்களில் அந்த வேலையைச் செய்தது 1844-ல் சென்னையில் பிறந்த ஹிக்கின்பாதம்ஸ். மதுரை ஜங்ஷனில் ரயிலுக்காக நிற்கும்போதெல்லாம் அந்தச் சின்னக் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நிற்கும் இடத்தில், நிற்பவர்களை நம்பி, நிற்கிற புத்தகக் கடை. நில் என்ற வேரிலிருந்து நாமும் நிலையம் என்றும் நிலையான என்றும் சொல் செய்துகொண்டவர்கள்தானே. ஆங்கிலத்தில் பரீட்சைக்காக நெட்டுருப்போட்ட அந்த உறவு, நம் மொழியில் கேட்காமலே விளங்குகிறது.

கம்பாசிட்டர் அண்ணன் இப்போது இல்லை. டிரெடில் மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு அந்த அச்சகம் ஆஃப்செட்டுக்கு மாறியது. புது மண்டபத்துக் கடைகளையும் சிற்பங்களைக் காப்பதற்காக அண்மையில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். லண்டனில், தீயில் எரிந்த தங்கள் மண்டபத்தை ஸ்டேஷனர்கள் 1673-ல் மறுபடி கட்டி முடித்தார்கள். செயின்ட் பாலுக்குச் சில நிமிட நடையில், ஏவ் மரியா லேன் என்ற அதே தெருவில் அது இன்றும் நிற்கிறது.